“அப்பாவைத் தள்ளிவிட்டேன்... கேம்தான் காரணமா, டாக்டர்?”

கேள்வி:

“டாக்டர், எனக்கு வயது 20. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கிறேன். முதல் ஆண்டின் நடுவில் ஒரு நண்பன் மூலம், ஐந்து பேர் டீமாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றுக்குள் வந்தேன். இப்போது இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று, நான்கு மணி ஆகிவிடுகிறது. காலை வகுப்புகளுக்குப் போவதே இல்லை. போன செமஸ்டரில் இரண்டு தாளில் தேறவில்லை. இரண்டு முறை கேமை அன்இன்ஸ்டால் செய்தேன். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தோற்றால் கத்துகிறேன், மேசையைக் குத்துகிறேன். ஒரு ஹெட்செட்டை உடைத்துவிட்டேன். அறை நண்பன் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு, தரவரிசைப் புள்ளிக்காக ஆடும் ரேங்க் மேட்ச் நடுவில் அப்பா ரவுட்டரை அணைத்துவிட்டார். எழுந்துபோய் அவரைத் தள்ளிவிட்டேன். அவருடைய தோள் கதவு நிலையில் மோதியது. அம்மா நடுவில் வந்து நின்றார். நான் இதுவரை யாரையும் அடித்தவன் இல்லை. ‘சுட்டுச் சுட்டே நீ கொலைகாரனா ஆயிட்டே’ என்றார் அப்பா. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கேம்தான் என்னை இப்படி ஆக்கியதா? எனக்கு இருப்பது அடிமைத்தனமா? ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமா?”

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் தோள் இப்போது எப்படி இருக்கிறது? கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா என்று அம்மாவிடமாவது விசாரியுங்கள். வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போவது நீங்களாக இருக்கட்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அளவு மீறிப்போன ஆட்டம் ஒன்று. கோபம் வந்தால் கை நீள்வது இன்னொன்று. ‘கேமை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று வீட்டில் நினைப்பார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. கேம் போன பிறகும் கை நீளும் பழக்கம் அப்படியே தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல, கோபத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் படிப்பை முழுதாகத் தொலைத்தவர்களும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும். அன்று அப்பாவைத் தள்ளியது நீங்கள்தான். ‘அடிமையாகிவிட்டேன், அதனால்தான்’ என்று அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை, உங்களுக்கு உதவப்போவதும் இல்லை. செய்தது நீங்கள் என்றால்தான் நிறுத்த முடிந்தவரும் நீங்களாக இருக்க முடியும்.

இனி, சுட்டுச் சுட்டே கொலைகாரனாகிவிட்டீர்களா என்ற கேள்வி. இல்லை. உங்கள் மனதை ஆற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். 2018இல், 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 17,000க்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை அலசினார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் பின்னாளில் உடல்ரீதியாகச் சண்டை போடுவதற்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அது சிறியது என்று தெரிந்தது. 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான 14, 15 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஆடியதைப் பிள்ளைகளிடமும் நடத்தையைப் பெற்றோரிடமும் கேட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பே தென்படவில்லை. ஜெர்மனியில் வயதுவந்தவர்களை இரண்டு மாதம் தினமும் வன்முறை கேம் ஆட வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய ஆக்ரோஷம் கூடவில்லை. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது. கொலை, தாக்குதல் போன்ற வன்முறைக்குக் கேமைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்தோடு மட்டும் சிறிய தொடர்பு ஒன்று இருக்கிறது என்பது அதன் சாரம்.

‘தள்ளுவது’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அதனால் கேமுக்குத் துளியும் சம்பந்தமில்லை என்று நான் கைகழுவமாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் திரையில் தெரியும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பார்க்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

அந்த இடம் எது என்று காட்டும் ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. என் அறைக்கு வரும் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இது. கல்லூரி மாணவர்களைக் குளிர்ந்த நீரில் 25 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். வலிக்கும் அளவுக்குக் குளிர். ‘இந்த நேரத்தை உங்களுக்கு முன்னால் வந்தவர் நிர்ணயித்தார்’ என்று நம்பவைத்தார்கள். பிறகு டெட்ரிஸ் ஆடக் கொடுத்தார்கள். அதில் கட்டைகள் விழும், அடுக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை. பாதிப் பேருக்கு எளிதான ஆட்டம். மீதிப் பேருக்கு வேண்டுமென்றே கடினமாக்கிய ஆட்டம். முடிந்ததும், ‘அடுத்து வருபவர் எத்தனை விநாடி கையை நீரில் வைக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்’ என்றார்கள். கடினமான ஆட்டத்தில் திணறியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 விநாடி கூடுதலாகக் கொடுத்தார்கள். கட்டை அடுக்கும் ஆட்டம்தான். ‘என்னால் முடியவில்லையே’ என்ற எரிச்சல் முன்பின் தெரியாத ஒருவருடைய கையைக் கூடுதல் நேரம் குளிர்நீரில் வைக்கச் சொன்னது.

இதை வைத்துக்கொண்டு அந்த இரவை மறுபடி பாருங்கள். நீங்கள் ஆடுவது ரேங்க் மேட்ச். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. இணைப்பு போனால் பாதியில் ஓடியவன் என்று கணக்கு. புள்ளி போகும், சில நேரம் தடையும் விழும். மற்ற நான்கு பேரும் உங்களைத்தான் திட்டுவார்கள். இரவு பத்திலிருந்து இரண்டு மணிவரை ஆடியிருக்கிறீர்கள். அதற்குள் ஓரிரண்டு ஆட்டமாவது தோற்றிருப்பீர்கள். அதை மீட்கத்தானே அந்த நேரத்துக்கு இன்னொன்று தொடங்கினீர்கள்? தோற்ற எரிச்சலில் நிதானம் இழந்தவனை ‘டில்ட்’ ஆகிவிட்டான் என்று நீங்கள் எல்லாரும் சொல்வீர்களே, அந்த நிலை. மூளை ஏற்கெனவே கொதிநிலைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது. அது நெட்வொர்க் கோளாறு இல்லை, இன்னொரு மனிதர் செய்த வேலை என்று தெரிந்ததும் எரிச்சலுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

இதோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மாணவர்களின் கோபத்தில் பாதி, தூங்காத கோபம் என்பது என் அனுபவம். 2007இல் நடந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காமல் இருந்த இளைஞர்களுக்கு மனதைத் தொந்தரவு செய்யும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, நன்றாகத் தூங்கியவர்களைவிட 60% அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கி நிதானம் சொல்லும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. நீங்கள் 35 மணி நேரம் விழித்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் விடுதியில் காலை வகுப்பை விட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள். வீட்டில் அந்த வசதியும் இருந்திருக்காது, காலையில் எழுப்பியிருப்பார்கள். இரவு நான்கு மணி, காலை எட்டு மணி என்று ஒரு வாரம் ஓடினால் சாதுவான மனிதர்களும் சிடுசிடுப்பார்கள். நிதானம் சொல்லும் அந்த முன்மூளை முழு முதிர்ச்சி அடைவதே இருபதுகளின் நடுவில்தான். உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்வி: இது அடிமைத்தனமா?

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் ‘கேமிங் கோளாறு’ என்பதைச் சேர்த்திருக்கிறது. 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று விஷயங்களைப் பார்ப்போம். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் பிடி விட்டுப்போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிக் கேம் முன்னுக்கு வந்திருக்க வேண்டும். கெடுதல் கண்ணெதிரே தெரிந்த பிறகும் ஆட்டம் தொடர வேண்டும். இவற்றால் படிப்பு, வேலை, குடும்பம், உறவு இவற்றில் எதிலாவது கணிசமான பாதிப்பு ஏற்பட்டு, பொதுவாக ஒரு வருடமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். நிலைமை கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே முடிவு செய்யலாம்.

இத்தனை மணி நேரம் ஆடினால் அடிமை என்ற கணக்கு அதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தினம் நான்கு மணி நேரம் ஆடிவிட்டு வகுப்புக்குப் போய், தூங்கி, நண்பர்களோடு சிரித்துப் பேசுகிற மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆடுகிறவர்களில் சுமார் 3% பேருக்குத்தான் இந்தக் கோளாறு இருக்கலாம் என்கிறார்கள். கறாராக எடுத்த கணக்கெடுப்புகளில் அதைவிடவும் குறைவு.

ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக்கூடாது, வைக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் எந்த மனநல மருத்துவரும் உங்களை நேரில் பார்க்கத்தான் விரும்புவார். நிறுத்த முயன்று முடியவில்லை, இரண்டு தாள் போயிற்று, அறை நண்பன் போனான், வருடக்கணக்கும் தாண்டிவிட்டது. பெயர் என்னவாக இருந்தாலும் உதவி தேவைப்படும் இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

நான் உங்களிடம் நேரில் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கேம் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

முதல் ஆண்டின் நடுவில் கேமுக்குள் வந்தேன் என்கிறீர்கள். வீட்டைவிட்டு முதல் தடவையாக வெளியே வந்த ஆண்டும் அதுதான். பள்ளியில் வகுப்பிலேயே முதல் ஆளாக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும், சுற்றியிருக்கும் எல்லாருமே அப்படி வந்தவர்கள்தான் என்று தெரியும்போது ஏற்படும் அதிர்ச்சியைப் பலர் வெளியே சொல்வதில்லை. பிடிக்காத பாடத்தை வீட்டாருக்காக எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் மத்தியில் வாய் திறக்கக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சிறுவயதிலிருந்தே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு இருந்திருக்கும். பள்ளியில் பெற்றோரும் ஆசிரியர்களும் பிடித்து உட்காரவைத்ததால் வெளியே தெரியாமலே போயிருக்கும். சிலருக்கு மனச்சோர்வு. கேமிங் கோளாறோடு மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு ஆகியவை அடிக்கடி கைகோத்து வருகின்றன.

நல்ல கேம் ஒன்று மூன்று பசிகளைத் தீர்க்கிறது என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள்: ‘என்னால் முடியும்’, ‘இது என் முடிவு’, ‘எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்’. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் இரவு பதினோரு மணிக்கு நான்கு பேருக்குத் தலைவன். அவன் சொல்லும் இடத்துக்கு அவர்கள் ஓடுகிறார்கள். நன்றாக ஆடினால் அடுத்த நிமிடமே திரையில் தெரிகிறது. படிப்பில் நன்றாகச் செய்தாயா என்பது தெரிய செமஸ்டர் முழுக்கக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பசிகளுக்கு வேறு எங்கும் தீனி கிடைக்காதவரை எத்தனை முறை அன்இன்ஸ்டால் செய்தாலும் திரும்ப இன்ஸ்டால் செய்யத்தான் தோன்றும். இரண்டு முறை நடந்தது அதுதான். உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கேமைத் தயாரிப்பவர்களும் சும்மா இல்லை. ஒருநாள் விட்டால் அறுந்துபோகும் தினசரி லாகின் பரிசு, சீசன் முடிவதற்குள் எட்ட வேண்டிய ரேங்க், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் விடாமல் முயலவைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்துப் பரிசோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம். சூதாட்ட இயந்திரமும் இதே முறையில்தான் ஆளைப் பிடித்துவைக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. நீங்கள் ஸ்கின் (கேமுக்குள் வாங்கும் அலங்காரம்), பெட்டி என்று பணம் போடுகிறவராக இருந்தால், கார்டு விவரத்தை இன்றைக்கே அதிலிருந்து நீக்குங்கள்.

மூன்றாவது கேள்வி: ஒரேயடியாக விட வேண்டுமா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்களுக்கு நான் சொல்வது: இந்த ஒரு கேமை, அதாவது ரேங்க் உள்ள இந்த டீம் ஆட்டத்தை, விட்ட தாள்களை எழுதி முடிக்கும்வரையாவது விட்டுவிடுங்கள். ‘தினம் ஒரு மணி நேரம் மட்டும்’ என்பது இந்த வகை ஆட்டத்தில் நடக்காது. ஒரு மேட்ச் அரை மணியைத் தாண்டும், தோற்றால் எழுந்திருக்க மனம் வராது, ஜெயித்தாலும் வராது. எல்லா கேமையும் ஆயுள் முழுக்கத் துறக்கச் சொல்லவில்லை. முடிவு என்று ஒன்று இருக்கிற, நிறுத்திவைக்க முடிகிற, தனியாக ஆடுகிற கேமைப் பிறகு நேரம் வகுத்து ஆட முடியுமா என்று உங்களுக்குச் சிகிச்சை தருபவரோடு சேர்ந்து யோசிக்கலாம்.

ஆனால் போன இரண்டு முறை செய்ததுபோல இராத்திரி கோபத்தில் அழித்துவிட்டுப் படுக்காதீர்கள். முதலில் டீமில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்: “பரீட்சை இருக்கிறது, இந்த சீசன் நான் இல்லை.” சொல்லாமல் போனால் அவர்களே உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். பிறகு இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் அறையில் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்வது பாதி வெற்றி. படிக்கும் கூடம், நடை, யாரோடாவது பேச்சு, எதுவாகவும் இருக்கலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், சலிப்பு, தூக்கம் வராமல் புரள்வது, எதிலும் சுவையில்லாமல் போவது எல்லாம் வரும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்தப் பிரச்சினைக்கு 2013இல் வகுத்த ஒன்பது அறிகுறிகளில் இந்த நிறுத்தக்கால எரிச்சலும் ஒன்று. கோபம் இன்னும் அதிகமாகிவிட்டதே என்று பயந்து கேமுக்குத் திரும்பிவிடாதீர்கள். நாளாக ஆக அடங்கும். வீட்டில் இருந்தால் அம்மாவிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

தூக்கத்தைச் சரிசெய்ய, படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை ஏழரைக்கு எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். பகல் தூக்கம் வேண்டாம். முதல் சில நாள் கொடுமையாக இருக்கும். அதன் பிறகு இரவில் உடம்பே படுக்கச் சொல்லும். செல்போன் படுக்கையில் இருக்கக்கூடாது. கையெட்டாத தூரத்தில் சார்ஜ் போடுங்கள்.

இனி கோபம். கேமை விட்ட பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

கை நீள்வதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குக் குரல் மாறும். மேசையைக் குத்துவதற்குச் சற்று முன்பு உங்களுக்கு என்ன நடக்கிறது என்று யோசித்து எழுதுங்கள். மாணவர்களிடம் நான் இதைக் கேட்டால் முதலில், “ஒண்ணும் தெரியாது டாக்டர், திடீர்னு வரும்” என்பார்கள். ஒரு வாரம் கவனித்துவிட்டு வரச் சொன்னால், பல்லைக் கடிப்பது தெரிந்தது, வலது கால் ஆடியது தெரிந்தது என்று சொல்கிறார்கள். அதுதான் உங்கள் மணி. அது அடித்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இடத்தைவிட்டு நகர்வது. வாதம் முடியவில்லை என்றாலும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நகருங்கள். “எனக்குக் கோபம் வருது, வெளியே போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் அதுவே அடுத்த சண்டைக்கு வழி. இருபது, முப்பது நிமிடம் நடங்கள். நடக்கும்போது அவர் சொன்னதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் கோபம் இறங்காது. மூச்சையோ காலடியையோ எண்ணுங்கள். தலையணையைக் குத்தி ஆத்திரத்தைத் தீர்ப்பது நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குத்தக் குத்தக் குத்தும் பழக்கம்தான் வளரும். மேசை, ஹெட்செட், அப்பா என்று அது போன வரிசையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்பாவிடம் பேச வேண்டும். பகலில், அவர் உட்கார்ந்திருக்கும்போது, கையில் போன் இல்லாமல் போங்கள். “அப்பா, அன்னைக்கு உங்களைத் தள்ளினது தப்பு. இனிமே கோபம் வந்தா அந்த இடத்தை விட்டுப் போயிடுவேன். டாக்டரைப் பார்க்கப் போறேன்” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீங்க ரவுட்டரை அணைச்சதாலதான்’ என்ற வரியை அன்று சேர்க்காதீர்கள். அவர் உடனே மன்னிக்கமாட்டார். பழசையெல்லாம் இழுத்துத் திட்டவும் செய்யலாம். திட்டட்டும். பெற்ற மகன் கை ஓங்கியதைத் தாங்கிக்கொள்ள எந்தத் தகப்பனுக்கும் நாள் ஆகும். ரவுட்டரைப் பற்றிப் பேச வேறொரு நாள் வரும். அப்போது, எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று நீங்களே சொல்லி, அதைக் காப்பாற்றிக் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேட்ச் நடுவில் பிடுங்காதீர்கள், அணைக்காதீர்கள். பயப்படச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எந்தப் பேச்சும் அவன் காதில் ஏறாது என்பதால் சொல்கிறேன். மறுநாள் காலை கேளுங்கள். ‘எவ்வளவு நேரம் ஆடினே’ என்று தொடங்காமல், ‘காலேஜ்ல என்னப்பா நடக்குது’ என்று தொடங்குங்கள். தென் கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடச் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. பத்து ஆண்டு கழித்து அதைக் கைவிட்டது. உங்கள் பிள்ளை அந்த வயதையும் தாண்டியவன். ஆனால் கை ஓங்கினால், பொருளை எறிந்தால், ‘வயசுப் பையன்’ என்று மூடிமறைக்க வேண்டாம். அந்த நேரத்தில் விலகிப்போய் உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து கூட்டிச் செல்லுங்கள். வெளி உதவியைக் கூப்பிடுங்கள். நடுவில் போய் நிற்கும் அம்மாக்களுக்குத்தான் அடி விழுகிறது.

தம்பி, சிகிச்சை பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடைத்துவைத்து, அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களின் பக்கம் போகவே போகாதீர்கள். இந்தக் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இதுவரை நல்ல ஆதாரம் இருப்பது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கேமை நோக்கிக் கை போகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றும் பேச்சு சிகிச்சை அது. ஜெர்மனி, ஆஸ்திரிய மருத்துவமனைகளில் 143 ஆண்களிடம் இதைச் சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 15 குழு அமர்வுகளும் அதிகபட்சம் 8 தனி அமர்வுகளும் கொண்ட சிகிச்சை. அதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 69% பேர் மீண்டார்கள். சிகிச்சை தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 24% பேர்தான். கூடவே மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. அதைச் சரிசெய்தால் கேமின் பிடியும் தளரும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனை மையம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். இல்லையென்றால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். போகும்போது ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொண்டு போங்கள்: கடந்த ஏழு நாள் படுத்த நேரமும் எழுந்த நேரமும், செல்போன் அல்லது கணினி காட்டும் ஆடிய மணி நேரம், கத்தியதோ குத்தியதோ நடந்திருந்தால் அதற்கு முன் நடந்தது என்ன. அப்பாவைத் தள்ளியதை மறைக்காமல் சொல்லுங்கள். கவனக்குறைபாடும் மனச்சோர்வும் இருக்கிறதா பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். போதைப்பொருளோ மதுவோ பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கோபத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம், தப்பில்லை.

வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணமோ, யாரையாவது காயப்படுத்திவிடுவேன் என்ற பயமோ வந்தால் மட்டும் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே, எந்த நேரமானாலும், பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.